பதினேழு கேமரா... ஒரு கை...

"காப்பாத்துங்க...!"

அலறல் பனிக்குள்ளிருந்து வந்தது.

சதுப்பு நீரில் ஒற்றைக்காலில் உறங்கிக்கொண்டிருந்த எண்ணூறு பெருங்கொக்குகளும் திடுக்கிட்டு எழும்பின. கடல் தாண்டி வந்த பறவைகள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஆள் உயரம். சாம்பல் நிறச் சிறகுகள் பனியைக் கிழிக்க, கிழக்கே சூரியன் அப்போதுதான் தலையை நீட்டியது.

பார்வை மேடையில் வரிசையாக நின்ற பதினேழு பேரும் ஒரே நொடியில் விரலை அழுத்தினார்கள்.

கடகட... கடகட... கடகட...

இரண்டாவது அலறல்.

யாரும் திரும்பவில்லை. திரும்பினால் ஃப்ரேம் போய்விடும்!

மூன்றாவது அலறல் பாதியில் நின்றது.

"லைட்டு அருமை," என்றார் ஒருவர்.

மற்றவர்கள் ஆமோதித்தார்கள்.

சரணாலயத்தின் வாட்சர், வாசல் கேட் அருகே பல் துலக்கிக்கொண்டிருந்தவர், வானத்தைப் பார்த்தார். கொக்குகள் எழும்ப இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. இன்றைக்கு என்ன அவசரம்...? பிரஷ்ஷை எறிந்துவிட்டு சைக்கிளை எடுத்தார். மேடைக்கு வந்து, யார் கத்தியது என்று கேட்டார். கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே ஒருவர் கையை மட்டும் நீட்டி, அந்தப் பக்கம் என்றார்.

அந்தப் பக்கம்தான் பிணம் இருந்தது.

ஏணியைச் சேற்றின் மேல் படுக்கப்போட்டு, கயிறு கட்டி, வாட்சர் ஒற்றை ஆளாக இழுக்கத் தொடங்கினார். மேடையிலிருந்த பதினேழு பேரில் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். மற்ற பதினைந்து பேரும் ஷூ அழுக்காகும் என்று கரையில் நின்றுவிட்டார்கள்.

வெளியே வந்தவரைப் பார்த்ததும் ஒரு சலசலப்பு.

"அட... நம்ம அறுநூறு!"

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொன்னதில்லை. பீரங்கி மாதிரி ஒரு அறுநூறு எம்.எம். லென்ஸ் வாங்கிய நாளிலிருந்து அவர் அறுநூறு. அன்றிலிருந்து, அதைவிடச் சின்ன லென்ஸ் வைத்திருப்பவர்களோடு அவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை. நாலு பரிசுகள், இரண்டு நடுவர் பதவிகள், எண்ணற்ற விரோதிகள்.

அறுநூறின் வாயிலும் மூக்கிலும் சேறு. லென்ஸ் மட்டும் பத்திரமாக இருந்தது. பக்கத்து நாணல் புதரின் மேல், அவருடைய கோட்டால் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. ஒரு பொட்டுச் சேறு இல்லை!

மனிதர் மூழ்குகிற நேரத்தில் இரண்டு கையாலும் எதைப் பிடிப்பார்? நாணலைப் பிடிப்பார். அறுநூறு கோட்டைக் கழற்றி லென்ஸுக்குப் போர்த்திக்கொண்டிருந்திருக்கிறார்.

*

எட்டு மணிக்கு போலீஸ் ஜீப் வந்தது.

இறங்கிய பெண் இன்ஸ்பெக்டருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். பின்னால் ஏட்டு, குளிருக்குக் காது வரை மஃப்ளர்.

இன்ஸ்பெக்டர் பதினேழு பேரையும் மேடைக்குக் கீழே வரிசையாக நிற்க வைத்தார். எல்லோரும் இலை போட்ட உடுப்பு, இலை போட்ட தொப்பி. ஒருவருக்கு முகத்தில்கூட பச்சை மை.

"அலறல் யார் யாருக்குக் கேட்டுச்சு? கையைத் தூக்குங்க."

பதினேழு கைகள்.

"கேட்ட உடனே யார் யார் போனீங்க?"

பதினேழும் இறங்கின.

ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கம் சொன்னார். அறுநூறு எப்போதுமே கத்துகிறவராம். தூங்குகிற பறவையைப் படம் எடுத்தால் பரிசு கிடைக்காதாம். கல்லெறிவார், கை தட்டுவார், ஊளையிடுவார். இன்றைக்கும் கொக்கை எழுப்பத்தான் கத்துகிறார் என்று நினைத்துவிட்டார்களாம்.

"காப்பாத்துங்கன்னு சொல்லியா கொக்கை எழுப்புவாரு?"



இன்ஸ்பெக்டர் அவர்களுடைய மெமரி கார்டுகளை வாங்கச் சொன்னார். அப்போதுதான் அந்தக் கூட்டத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. போட்டிக்கு நாளைக்குக் கடைசி நாள் என்றார்கள். படம் எதுவும் அழிந்துவிடாதே என்றார்கள். கார்டு சூடாகக் கூடாது என்றார் ஒருவர். செத்தவருக்குக் குடும்பம் இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஏட்டு கார்டுகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேகரித்தார். "ஜாக்கிரதை சார், ஜாக்கிரதை," என்று பின்னாலேயே வந்தார் பச்சை மை.

"ஏன், உயிரா வெச்சிருக்கீங்க இதுல?" என்றார் ஏட்டு.

"அப்படித்தான் சார்."

ஏட்டு பெருமூச்சு விட்டார்.

*

வாட்சர் இன்ஸ்பெக்டரைச் சதுப்புக்கு அழைத்துப் போனார்.

கரையிலிருந்து நூறு அடி தள்ளி, நாணலுக்கு நடுவே ஒரு ஓலைக் குடில். பறவை அறியாமல் ஒளிந்திருந்து படமெடுக்க. ஒரே ஒரு ஆள்தான் உள்ளே உட்காரலாம். இந்த வாரம் அதற்கு அடிதடி. காரணம், கூட்டத்தோடு ஒரு வெள்ளைப் பெருங்கொக்கு வந்திருக்கிறது. பாலில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளை. லட்சத்தில் ஒன்று. அது தினமும் குடிலுக்குப் பக்கத்தில்தான் இரை தேடுகிறது. யாருக்கு எந்த நாள் என்று வாட்சர் சீட்டுக் குலுக்கிப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்.

குடிலுக்குப் போக, சேற்றுக்கு அடியில் பழைய வரப்பு ஒன்று உண்டு. இரண்டடி அகலம். அதன் மேல் நடந்தால் கணுக்கால் சேறு. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இறங்கினால் ஆளையே விழுங்கும். வரப்பு எங்கே போகிறது என்று காட்ட, பதினான்கு மூங்கில் கழிகள். உச்சியில் சிவப்பு பெயின்ட்.

"கழியைத் தொட்டுக்கிட்டே போகணும்மா. பனியில கண்ணு தெரியாதுல்ல. சாருக்கு இது நல்லாத் தெரியும். ஆறு வருஷமா வர்றாரு."

இன்ஸ்பெக்டர் கால்தடங்களைப் பார்த்தார்.

எட்டாவது கழி வரைக்கும் தடம் வரப்பின் மேலேயே போயிருந்தது. அங்கிருந்து சட்டென்று இடது பக்கம் திரும்பியிருந்தது. நீளமான அடிகள். தயக்கமே இல்லை. அப்புறம் தடம் இல்லை. கலங்கிய சேறு மட்டும்.

காலையில் வேறு யாரும் வந்த புதுத் தடம் இல்லை. யாரும் தள்ளிவிடவில்லை.

"வழி தவறினவன் இப்படியா நடப்பான்? நின்னு நின்னு, தடவித் தடவி நடப்பான். இவரு தெரிஞ்ச வீட்டுக்குப் போற மாதிரி போயிருக்காரு."

"அதாம்மா எனக்கும் புரியலை," என்றார் வாட்சர். கைகளில் கயிறு அறுத்த காயம் சிவந்திருந்தது. அந்தக் காலையில் செத்தவருக்காகக் காயப்பட்ட கைகள் அவை மட்டும்தான்.

பனி விலகிவிட்டது. இன்ஸ்பெக்டர் எட்டாவது கழியைப் பிடித்தபடி வலது பக்கம் எட்டிப் பார்த்தார்.

பதினைந்தடி தள்ளி, சேற்றில் ஒரு ஓட்டை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. எண்ணினார்.

ஆறு ஓட்டைகள்! ஒரே வரிசையில். மூங்கில் கழியின் பருமன்.

இந்தப் பக்கம் எட்டாவதுக்கு அப்புறம் நிற்கிற கழிகளும் ஆறு.

வாட்சரின் முகம் வெளுத்தது. தான் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்யப் போனவரை இன்ஸ்பெக்டர் தோளில் தட்டி நிறுத்தினார்.

"இன்னிக்குக் குடில் யாரோட முறை?"

"பல் டாக்டரோடதும்மா."

*

வாட்சரின் அறை. பறவைப் படங்கள் ஒட்டிய சுவர். ஒரு தகரப் பெட்டி. காற்றாடி மாதிரி இரையும் பழைய கம்ப்யூட்டர்.

பதினேழு பேரில் ஒருவரான பல் டாக்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தினமும் பத்துப் பேரை வாயைத் திறக்கச் சொல்கிறவருக்கு இன்று தன் வாய் திறக்கவில்லை.

அவருக்கும் அறுநூறுக்கும் பகை என்பது மேடைக்கே தெரியும். போன வருஷம் டாக்டரின் படத்தை நடுவராக இருந்த அறுநூறு முதல் சுற்றிலேயே தூக்கி எறிந்திருந்தார். பல்லைத் தவிர வேறு எதையும் இவர் கிட்டத்தில் போய்ப் பார்த்ததில்லை என்று மைக்கில் சொல்லிச் சிரித்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க போக வேண்டிய குடில். நீங்க போகலை. அவர் போனாரு... செத்தாரு. ஏன் போகலை?"

டாக்டர் பதிலுக்கு இருமினார். நிற்க ஒரு நிமிஷம் ஆனது.

ராத்திரியெல்லாம் இருமலாம். குடிலுக்குள் ஒரு தடவை இருமினால் கொக்கு கண்டம் தாண்டிவிடும். அதனால் மேடையே போதும் என்று முடிவு பண்ணி, ஐந்து மணிக்கே அறுநூறின் நம்பருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். அவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு, அடுத்த முறை அவருடையது, பதிவேட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் என்றார்.

ஏட்டு அதை எழுதிக்கொண்டிருக்க, இன்ஸ்பெக்டர் டாக்டரின் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினார்.

காலைப் படங்கள். கொக்குகள் எழும்பும் காட்சி. முப்பது, நாற்பது, ஐம்பது. உண்மையாகவே அழகான படங்கள். ஒன்றில் இன்ஸ்பெக்டரின் விரல் நின்றது.

பனி. பொன் வெளிச்சம். நடுவில் வெள்ளைக் கொக்கு, சிறகு முழுக்க விரிந்து.

கீழே இடது மூலையில், சேற்றுக்கு மேலே... ஒரு மனிதக் கை!

ஐந்து விரலும் விரிந்திருந்தன.

"இது என்ன டாக்டர்?"

டாக்டர் குனிந்து பார்த்தார். பார்த்தவுடன் நிமிர்ந்துவிட்டார்.

"கட்டைன்னு நினைச்சேன் மேடம்."

"மோதிரம் போட்ட கட்டையா?"



"எப்போ கைன்னு தெரிஞ்சுது?"

"அப்பவே... ஸ்க்ரீன்ல பார்த்தப்போ..." குரல் தேய்ந்தது. "மூலையிலதானே இருக்கு. க்ராப் பண்ணிடலாம்னு..."

ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டார்.

இன்ஸ்பெக்டர் டாக்டரையே பார்த்தார். கரப்பான் பூச்சியைப் பார்ப்பவர்கள்கூட அதைவிட மரியாதையாகப் பார்ப்பார்கள்.

அடுத்து நேற்றைய மாலைப் படங்களைத் திறந்தார். வாத்துகள், உள்ளான்கள், தரையிறங்கும் கொக்குகள். ஆறு மணி இரண்டு நிமிஷத்துக்கு எடுத்த படத்தில், இரண்டு கொக்குகளின் கழுத்துக்கு இடையே தூரத்தில் ஒரு உருவம். பெரிதாக்கினார்.

இலை போட்ட தொப்பி. தோளில் பீரங்கி லென்ஸ். இரண்டு கையாலும் சிவப்புக் கழியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார் அறுநூறு!

அடுத்த படத்தில், சேற்றின் மேல் ஒரு பலகையைப் போட்டு நின்றபடி, அதே கழியை வலது பக்கம் நட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரின் இருமல் நின்றுவிட்டது.

"நீங்க இன்னிக்குக் காலையில போயிருந்தா, அந்தக் கழியைத் தொட்டுக்கிட்டே நேரா குழிக்குள்ள போயிருப்பீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்களுக்கு வெட்டின குழி டாக்டர். உங்க கேமராவிலயே இருக்கு. நீங்க பார்க்கலை."

"அது... கொக்குல ஃபோகஸ் இருந்துச்சு மேடம்..."

இன்ஸ்பெக்டர் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஆறு முப்பத்தொன்று. வெளிச்சம் மங்கும் நேரம். மறுபடியும் ஒரு உருவம். தொப்பி இல்லை. மஞ்சள் மழைக்கோட்டு. தோளில் ஒரு கழி. இடது பக்கமாக, வரப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

ஒரு பெண்.

"இது யாரு?"

டாக்டர் திரையின் மேல் குனிந்தார்.

"அறுநூறோட சம்சாரம்."

*

சரணாலய விடுதியின் கடைசி அறை.

மஞ்சள் மழைக்கோட்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. கணவரின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள் அந்தம்மா. மேஜை முழுக்க லென்ஸ் துடைக்கும் துணிகள், பிரஷ்கள், பாட்டில்கள். அவளுடைய பொருள் என்று அறையில் இருந்தது ஒரு சின்னத் தோள்பை மட்டும்.

அழுத கண்கள் இல்லை. தூங்காத கண்கள்.

இன்ஸ்பெக்டர் கழியைப் பற்றிக் கேட்டார். அந்தம்மா மறைக்கவில்லை. உட்காரச் சொல்லி நாற்காலியிலிருந்த லென்ஸ் பையைத் தரையில் இறக்கினாள். இதுவரை அதைத் தொட்டதே இல்லை என்பதுபோல் ஒரு கணம் கையைப் பார்த்துக்கொண்டாள்.

இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு குளம், ஒவ்வொரு காடு என்று அவரோடு போயிருக்கிறாள். காரில் உட்கார்ந்திருப்பாள். பறவை பயப்படும் என்று இறங்க விடமாட்டார். நேற்று மாலை கால் மரத்துப்போய், கொஞ்சம் நடக்கலாம் என்று இறங்கியபோது, தூரத்தில் கணவர் கழிகளை மாற்றுவதைப் பார்த்திருக்கிறாள்.

"முதல்ல புரியலை. அப்புறம் நாளைக்கு யார் முறைன்னு ஞாபகம் வந்துச்சு. டாக்டருக்கு ரெண்டு பொண்ணுங்க."

அவர் விடுதிக்குத் திரும்பியதும், அவள் சேற்றில் இறங்கினாள். அவர் குடிலில் போட்டுவிட்டுப் போன பலகையைச் சேற்றின் மேல் வைத்து நடந்து, ஒவ்வொரு கழியாகப் பிடுங்கி, பழைய ஓட்டையிலேயே திருப்பி நட்டாள். ஆறு கழிகள். முழங்கால் வரை சேறு. செருப்பு ஒன்று போய்விட்டது.

"அவர்கிட்ட சொல்லலையா?"

"சொல்லப் போனேன். லென்ஸைத் துடைச்சுக்கிட்டிருந்தாரு. ஒரு விஷயம் சொல்லணும்னு ஆரம்பிச்சேன்..."

சட்டை மடிப்பு கையிலேயே நின்றது.

"'வாயை மூடு, லென்ஸ்ல எச்சில் தெறிக்கும்'னாரு."



மூடிவிட்டாள்.

இப்போது கணக்குச் சரியாக வந்தது. கழிகள் தப்பான இடத்தில் நிற்கின்றன என்று நம்பிக்கொண்டு, காலைப் பனியில் போயிருக்கிறார் அறுநூறு. எட்டாவது கழியைத் தாண்டியதும், தான் வலது பக்கம் தள்ளி நட்ட கழிதானே என்ற தெனாவட்டில், சரியாகப் பதினைந்தடி இடது பக்கம் தள்ளி நடக்கப் பார்த்திருக்கிறார். சரியான கழியை நம்பாமல், தன் மூளையை நம்பி, நேராகச் சேற்றுக்குள்!

கொலைகாரன் கிடைத்துவிட்டான். அவனைத்தான் காலையில் ஏணியில் படுக்கவைத்து இழுத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். அவர் சொல்ல நினைத்த ஆறுதல் வார்த்தை தொண்டை வரை வந்திருந்தது. அந்த நேரம் ஏட்டு கதவைத் தட்டி, டாக்டரின் வாக்குமூலத்தை நீட்டினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டர் ஒரு வரி சேர்த்திருக்கிறாராம்.

இன்ஸ்பெக்டர் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

காலை ஐந்து மணிக்கு அறுநூறின் நம்பருக்குப் போன் செய்தபோது, எடுத்தது அறுநூறு இல்லை!

ஆறுதல் வார்த்தை வந்த வழியே திரும்பிப் போனது.

"டாக்டர் போன் பண்ணினப்போ நீங்கதானே எடுத்தீங்க?"

"ஆமா. அவர் ஷூ மாட்டிக்கிட்டிருந்தாரு. மேடைக்குக் கிளம்ப."

"மேடைக்கு. குடிலுக்கு இல்ல."

"குடில் டாக்டரோட முறையாச்சே."

"நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

அந்தம்மா கடைசிச் சட்டையை மடித்து முடித்தாள். பெட்டியை மூடினாள். தாழ்ப்பாள் இரண்டும் 'டக், டக்' என்று விழுந்தன.

"டாக்டருக்கு இருமல், வரலை... குடில் காலியா இருக்குன்னு சொன்னேன்."

"கழியைத் திருப்பி நட்டதை?"

"அதைச் சொல்லலை."

"ஏன்?"

"மூடச் சொன்ன வாயை அவர் திறக்கச் சொல்லலையே." அவள் முதல் தடவையாக இன்ஸ்பெக்டரின் கண்ணை நேராகப் பார்த்தாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டேன். அந்தக் கழி வழி பத்திரமானதுதானே, டாக்டருக்கு ஒண்ணும் ஆகாதேன்னு. சிரிச்சாரு மேடம். ஷூ கயித்தைக் கட்டிக்கிட்டே சிரிச்சாரு."

ஜன்னலுக்கு வெளியே கொக்குகள் திரும்பிவந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஊளை மாதிரி ஒரு கூவல். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அப்புறம்தான் குடில் காலின்னு சொன்னேன். இருபத்தாறு வருஷத்துல நான் சொன்னதை அவர் உடனே கேட்டது அது ஒண்ணுதான்."

இன்ஸ்பெக்டர் அறையைவிட்டு வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

ஜீப்புக்குப் பக்கத்தில் பதினேழு பேரும் காத்திருந்தார்கள். கார்டு எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள். பல் டாக்டர் கூட்டத்துக்கு முன்னால் வந்து, அந்த வெள்ளைக் கொக்குப் படத்தை மட்டுமாவது இன்றைக்கே தர முடியுமா என்று கெஞ்சினார். வழக்கு முடிய ரெண்டு மூணு வருஷம் ஆகலாம் என்றார் இன்ஸ்பெக்டர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அன்றைய ஒரே சிரிப்பு வந்து போனது.

வண்டிக்குள் ஏறியதும் ஏட்டு அறிக்கைத் தாளைத் தொடையில் விரித்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். குழப்பம் அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பிடுங்கின கழியைச் சரியான இடத்தில் நட்டால் குற்றமா? வந்த போன் செய்தியைப் புருஷனிடம் சொன்னால் குற்றமா? இரண்டுமே நல்ல காரியமாக அல்லவா இருக்கிறது...

"அந்தம்மா மேல எந்த செக்ஷன்ல போடறதும்மா?"

இன்ஸ்பெக்டர் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"வாயை மூடுன்னு புருஷன் சொன்னான்... பொண்டாட்டி மூடிக்கிட்டா. புருஷன் பேச்சைக் கேட்டதுக்கெல்லாம் இன்னும் செக்ஷன் எழுதலை ஏட்டய்யா. வண்டியை எடுக்கச் சொல்லுங்க!"